சரிவில் அரை அங்குலம்

சேரம்பாடி,
8 ஜூன் 2025

திருமதி பாலாமணி அவர்களுக்கு,

வணக்கம்.

செவ்வாயன்று தொலைபேசியில் நாம் நடத்தியதை உரையாடல் என்று குறிப்பிட என் மனம் ஒப்பவில்லை. தாங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். இந்தத் தோட்டத்தில் கைபேசி வேலை செய்கிற ஒரே இடமான அந்தப் பாறையின்மேல் நின்று நான் போட்ட கூச்சலில், கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஆகையால் இனி நமக்குள் கடிதம் மட்டுமே. கடிதத்தில் குரல் உயராது.

தாங்கள் சொன்னதை எழுத்தில் வைக்கிறேன். நம் படையின் காலாட்களில் பாதியை நம் கழகத்தில் ஆடும் டெனினிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய குதிரை வீரர்களையும் வில்லாளிகளையும் மாற்றிக்கொள்வது. டிசம்பரில் குன்னூரில் நடக்கும் இரட்டையர் போட்டிக்கு அந்தக் கலப்புப் படையுடன் செல்வது. என்னைக் கேளாமலே அவனுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

பாலாமணி அவர்களே, சுண்டுவிரல் உயர வீரர்களை மேசைமேல் நிறுத்தி, அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போரிடும் இந்த ஆட்டத்தை நான் எவரிடமும் கேட்டுக் கற்றவள் அல்லேன். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஆங்கில விதிநூல் முழுவதையும் தமிழாக்கினேன். அதைப் படித்துத்தான் தாங்கள் ஆடவந்தீர்கள். இதை நினைவூட்டுவது தற்பெருமை ஆகாது.

நம் படையில் வில் இல்லை, குதிரை இல்லை. வாளும் கோடரியும் ஈட்டியும் ஏந்தி நடந்துபோய், எதிரியின் மூச்சு மேலே படுகிற தூரத்தில் நின்று வெட்டுகிற படை. எட்ட நின்று கொல்லத் தெரியாத படை. அதனாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு. ஒவ்வொருவர் இடுப்பிலும் கொழுந்து எடுப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கை நான்தான் தீட்டினேன். அவர்களில் பாதிப் பேரை யாரென்று பொறுக்கி டெனினிடம் கொடுப்பேன்?

ஒரு வழி சொல்கிறேன். கழகத்து ஜஸ்டஸ் ஐயா நமக்காகத் தெர்மோக்கோலில் ஒரே அச்சாக வெட்டிக்கொடுத்த இரண்டு மலைகளில் ஒன்று தங்களிடமும் ஒன்று என்னிடமும் இருக்கின்றன. இரு வீட்டிலும் அதே மேசையை அமைப்போம். கடிதத்துக்கு ஒரு நகர்வு. தாங்கள் விரும்பும் குதிரையும் வில்லும் தங்கள் பக்கம். காலாட்கள் என் பக்கம். நான்கு சுற்றுகள். முடிவில் முகட்டில் நிற்பவர் வென்றவர். நான் தோற்றால், படையைப் பிரித்து நானே பெட்டியில் அடுக்கி அனுப்புவேன். வென்றால், அதில் ஒரு வீரனையும் எவரும் தொடக் கூடாது.

இவண்,
கோகிலவாணி


குன்னூர்,
15 ஜூன்

அன்புள்ள கோகிலாக்கா,

"திருமதி பாலாமணி அவர்களுக்கு" என்று பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது. கடையில் பட்டன் அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் ஊட்டுக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ பாலா, யாரு மேலயாச்சும் கேஸ் கீஸ் போட்டிருக்கறயா?"

"கோகிலாக்கா எழுதியிருக்காங்க."

"அந்தம்மாவா? அப்ப நெசமாவே கேஸ்தான்."

கேளுங்கக்கா. டெனினிடம் கேட்டது தப்புத்தான். உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் போன டிசம்பரை நீங்கள் மறந்துவிட்டீர்களா? கடைசி இடம். அதற்கு முந்தின வருசமும் கடைசி இடம். டெனின் என்ன சொன்னான்? "அக்கா, உங்க படை நடந்து வர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்க." நீங்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் டீ குடித்துவிட்டு வந்தபோது நம் படை இன்னும் வந்து சேரவில்லை, அது உண்மைதானே? ஒவ்வொரு தடவையும் கடைசி அடியில் நிற்கிறோம். அரை இஞ்ச், ஒரு இஞ்ச். தொடுவதற்குள் அம்பு வந்துவிடுகிறது.

எனக்கும் அந்தப் பொம்மைகள்மேல் ஆசை உண்டுங்க. ஆனால் ஒரே ஒரு தடவை ஜெயித்துப் பார்க்கவும் ஆசை.

சரி, உங்கள் பந்தயத்துக்கு நான் சம்மதம். உங்கள் காலாட்களுக்குப் பதிலாக இங்கே கோட்டுப் பட்டன்களை வைத்திருக்கிறேன். பழுப்புப் பட்டன் ஒன்று, ஒரு வீரர். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் வில்லாளிகள் முகட்டில். குதிரை வலது ஓரத்தில், மரங்களுக்குப் பின்னால். உங்கள் முறை.

பாலா


சேரம்பாடி,
24 ஜூன்

திருமதி பாலாமணி அவர்களுக்கு,

பட்டன்! நல்லது. என் மேசையில் தங்கள் வில்லாளிகள் தேயிலைக் கொட்டைகளாக அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

படையை மூன்று நிரைகளாகப் பிரித்திருக்கிறேன். இங்கே கொழுந்து எடுக்கிறவர்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக்கொண்டு மேலே ஏறுவதைப்போல. முன்னே கோடரிக்காரர்கள், நடுவே வாள்காரர்கள், கடைசியில் ஈட்டிக்காரர்கள். மூன்று நிரையும் சமதரையில் ஆறு அங்குலம் நடந்து மலையின் அடிவாரத்துக்கு வந்துவிட்டன. அவ்வளவே.

இதை எழுத எனக்கு அரை நாழிகை போதும். ஆனால் தங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்த நாள்களில் நான் ஓரிடத்தில் அமரவில்லை. மழை. பிள்ளைக் காம்பராவில் கொழுந்து எடுப்பவர்களின் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு ஒவ்வொரு மதியமும் அறைக்கு வந்து மேசையைப் பார்க்கிறேன். நகர்த்த ஒன்றுமில்லை, ஆனாலும் பார்க்கிறேன். ஒருமுறை குதிரைகளின் இடத்தில் என்னை வைத்து நோக்கினேன். பிறகு எதிர்ப்புறம் போய் என் வீரர்களின் முகத்தை நோக்கினேன். நாற்காலி காலில் இடித்துக்கொண்டேன்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் எனக்குத் துணையான தெய்வம்மா வாசலில் நின்று கேட்டார்: "ஏ புள்ள கோகிலம், பொம்மைகளுக்குப் பெரட்டு எடுத்து முடிச்சிட்டியா?" காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டைச் சொல்கிறார்.

"போருக்குப் போகிறார்கள் அம்மா."

"நடந்தேவா? ஒரு குருதகூட கெடையாதா இந்தச் சனத்துக்கு? நாங்கதான் கண்டியிலயிருந்து வந்து இந்த மலைய நடந்தே ஏறுனோம். ஒன் பொம்மைக்குமா அந்தத் தலவிதி?"

குதிரை கேட்கும் தங்கள் கட்சியில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார். மகிழுங்கள்.

கோகிலவாணி


குன்னூர்,
3 ஜூலை

அன்புள்ள கோகிலாக்கா,

தெய்வம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரையே இரட்டையர் போட்டிக்குக் கூட்டி வரலாம் போல.

என் வில்லாளிகள் முகட்டிலிருந்து எய்தார்கள். தூரம் அளந்தேன், சரியாக எல்லைக்குள் இருந்தது. பத்துப் பகடை உருட்டினேன். ஐந்தோ ஆறோ விழுந்தால்தான் அடி என்பது உங்களுக்குத் தெரியும். ஏழு அடி விழுந்தது. நம்ப மாட்டீர்கள், நானே நம்பவில்லை. முன் நிரையில் ஏழு பேரை எடுத்துவிடுங்கள்.

மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பட்டனாக இருந்தாலும்.

குதிரை அங்கேயே நிற்கிறது.

பாலா


சேரம்பாடி,
12 ஜூலை

திருமதி பாலாமணி அவர்களுக்கு,

ஏழு!

பத்துப் பகடையில் மூன்றோ நான்கோ விழுவது இயல்பு. ஏழு விழுவது, குன்னூரில் தங்கள் கடைக்குள் மட்டும் நிகழ்கிற அதிசயம். அங்கே பகடைக்கு ஆறு பக்கமும் ஆறுதானோ என்று ஐயுறுகிறேன். எழுதியதை அடிக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே இவ்வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.

ஏழு பேரையும் எடுத்துவிட்டேன். அவர்களைப் பெட்டியில் போடவில்லை. சன்னலோரம் நிற்கிறார்கள், மழையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாம் சுற்று: மூன்று நிரையும் மலைச்சரிவில் ஆறு அங்குலம் ஏறுகின்றன. முன் நிரையின் இடைவெளியை நிரப்பவில்லை. செத்தவன் இடம் செத்தவனுடையது.

கோகிலவாணி


குன்னூர்,
20 ஜூலை

அக்கா,

பகடை எங்கள் கடையில் விற்கிற சாமான் அல்ல. நீங்கள் போன தீபாவளிக்கு எனக்குக் கொடுத்த பகடைதான் அது.

இந்தத் தடவை ஊட்டுக்காரரைச் சாட்சியாக வைத்து உருட்டினேன். நான்கு அடி. அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கீழே பாருங்கள். "இத்தனை வருசம் கூடப் பழகுனவங்க, உன்னையப் போயி கேட்டாங்களா?" என்றார். ரேக்கில் எல்லா நூல்கண்டையும் எடுத்துத் திரும்ப அடுக்கினேன்.

நான்கு பேரை எடுத்துவிடுங்கள்.

பாலாமணி

(சாட்சி: பாலமுருகன்)


சேரம்பாடி,
4 ஆகஸ்ட்

திருமதி பாலாமணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் தாமதமாகவே வந்தது. கூடலூர்ச் சாலையில் மண் சரிந்து பேருந்து இரண்டு நாள் ஓடவில்லை. தபால்காரர் மூக்கனை வழியில் மறித்துக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் என்னைக் கண்டாலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேறு பாதையில் போகிறார்.

கணவரின் கையொப்பத்தைக் கண்டேன். அதைப் பற்றி எழுத எனக்குச் சொற்கள் அமையவில்லை. அமையும்போது எழுதுவேன்.

மூன்றாம் சுற்று. மிஞ்சியிருக்கும் அனைவரையும் பாய்ச்சலுக்கு ஆணையிட்டேன். பாயும் அணி எட்டு அங்குலம் ஓடலாம். தங்கள் கடையிலிருந்து தந்த தையல் நாடாவால் அளந்தேன். முன் நிரையின் கோடரி நுனிக்கும் தங்கள் வில்லாளிகளுக்கும் இடையே அரை அங்குலம் மிச்சம். நாடாவை எடுத்து மறுபடி வைத்தேன். அரை அங்குலம். கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி வைத்தேன்.

எட்டவில்லை. பாய்ச்சல் முறிந்தது. விதிப்படி அவர்கள் ஓட்டம் நின்ற இடத்திலேயே, தங்கள் அம்புகளுக்கு நேரே, நிற்க வேண்டும்.

வேறொருத்தியாக இருந்தால் நாடாவைச் சற்றே இறுக்கிப் பிடித்திருப்பாள். இங்கே பார்க்க ஆள் இல்லை. நான் செய்யவில்லை. டெனினுக்குச் சொல்லி வையுங்கள். பெட்டிக்கு அட்டை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோகிலவாணி


குன்னூர்,
11 ஆகஸ்ட்

கோகிலாக்கா,

எதையோ தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று முதலில் நினைத்தேன்.

என் மேசையில் உங்கள் ஆட்கள் எட்டிவிட்டார்கள். நன்றாகவே எட்டிவிட்டார்கள். நீங்கள் சொன்ன ஆறு இஞ்ச், பிறகு எட்டு இஞ்ச். கடையில் துணி அளக்கிற இரும்பு மீட்டர் கம்பியால் மூன்று தடவை அளந்தேன். உங்கள் முன் வரிசைப் பட்டன் என் வில்லாளிமேல் ஏறியே நிற்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஊட்டுக்காரர் சிரித்தார். "அந்தம்மாவே எட்டலைன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல? நீ அம்ப உட்டு ஆட்டத்த முடி. டிசம்பருக்குக் குதிர வந்துரும்."

"ஏனுங்க, எட்டியிருக்குதுங்களே."

"அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். இரண்டு நாள் கம்பியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஜிப் வாங்க வந்த அம்மாவுக்குப் பட்டன் கொடுத்து அனுப்பிவிட்டேன். அக்கா, இரண்டு மலையும் ஒரே அச்சுத்தானே? நீங்கள் எப்படித்தான் அளக்கிறீர்கள்?

பாலா


சேரம்பாடி,
19 ஆகஸ்ட்

திருமதி பாலாமணி அவர்களுக்கு,

எப்படி அளக்கிறேன் என்றால் என்ன பொருள்? அளக்க வேண்டிய முறைப்படி அளக்கிறேன். நாடாவின் ஒரு முனையை வீரனின் காலடியில் வைத்து, சரிவின்மேல் படியவிட்டு, மேடுபள்ளம் எப்படிப் போகிறதோ அப்படியே மேலே கொண்டுபோய் மறுமுனையை வைக்கிறேன். நடக்கிறவன் கால் எங்கே படுமோ அங்கேதானே நாடாவும் படவேண்டும்? அந்தரத்தில் கம்பியைப் பிடித்து அளந்தால், அது யார் நடந்த தூரம்?

தெய்வம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, நம் லயத்திலிருந்து ஃபேக்டரி எவ்வளவு தூரம்?"

"ஏறி எறங்கி நடந்தாத்தான் தெரியும். பறந்துபோயி அளக்க நாம என்ன கொக்கா?"

மலையில் இருக்கிறவர்களுக்கு இதைக் கற்பிக்க ஒரு விதிநூல் வேண்டியதில்லை. தங்கள் குன்னூரும் மலைதான்; ஆனால் தாங்கள் நாளெல்லாம் கடை மேசையின்மேல் துணியை விரித்து அளக்கிறீர்கள். கண் அதற்கே பழகிவிட்டது.

என் வீரர்கள் எட்டவில்லை. தங்கள் இரக்கத்தின்பேரில் எட்டுவதும் எனக்கு வேண்டாம். அம்பை எய்யுங்கள்.

கோகிலவாணி


குன்னூர்,
26 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

கோபமாகப் படிக்காதீர்கள். முடிந்தால் உட்கார்ந்து படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டஸ் ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னது இதுதான்: "புத்தகத்துல மலைச்சரிவு பத்தி ஒரு வரியும் இல்லம்மா. அத எழுதுனவங்க தட்டையான மேசையில ஆடுறவங்க. நம்ம கழகத்துல மேலயிருந்து, கம்பிய மட்டமாப் புடிச்சுத்தான் எல்லாரும் அளக்கறோம். கோகிலவாணிக்கும் தெரியும்னு நெனச்சேன். அவங்க கேக்கவே இல்லையே."

அது கிடக்கட்டும். உங்கள் முறையே சரி என்று வைத்துக்கொள்வோம். சரிவோடு படிய அளக்கலாம். அப்படியென்றால் என் அம்பையும் அப்படித்தானே அளக்க வேண்டும்? நேற்று அளந்து பார்த்தேன். முகட்டிலிருந்து சரிவு வழியாக நாடாவை விட்டால் அடிவாரம் என் அம்பின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. சன்னலோரம் நிற்கிற உங்கள் ஏழு பேரும் சாகவே இல்லை.

என் முறை சரி என்றாலோ, நீங்கள் முகட்டைத் தொட்டுவிட்டீர்கள்.

எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தானுங்க நட்டம். உங்கள் நடையை உங்கள் நாடாவாலும் என் அம்பை என் கம்பியாலும் அளந்தால் மட்டும்தான் உங்கள் படை சாகிறது. இத்தனை நாள் அப்படித்தான் நடந்திருக்கிறது.

இதற்குமேல் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். கழகத்தில் நம் படையை எப்போதும் அளப்பது நீங்கள். பகடைதான் நான். நீங்கள் குனிந்து நாடாவைப் படியவைக்கும்போது எதிரில் இருக்கிறவர்கள் ஏன் தடுக்கப் போகிறார்கள், குறைவாகத்தானே நடக்கிறீர்கள்? நானும் அந்த நேரத்தில் பகடையைக் குலுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்திருக்கிறேன். டெனின் டீ குடித்துவிட்டு வந்தபோது நாம் வந்து சேராததற்குக் காரணம் காலாட்கள் இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

நான் குதிரை கேட்டதே அந்தத் தோல்விகளைப் பார்த்துத்தான்.

எந்த அளவு என்று நீங்களே சொல்லுங்கள். சொல்கிறவரை நான் எதையும் நகர்த்த மாட்டேன்.

பாலா


சேரம்பாடி,
7 செப்டம்பர்

பாலாமணிக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதங்கள் எழுதினேன். அனுப்பவில்லை. ஒன்றில் ஜஸ்டஸ் ஐயாவைப் பற்றியும், மற்றொன்றில் மேசைப் போரின் விதிநூலை எழுதிய அந்நிய நாட்டாரைப் பற்றியும் சில கருத்துகள் இருந்தன. அவை கடுமையானவை, பயனற்றவை.

தங்கள் கடிதம் வந்த நாளில் நான் பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தையின் சட்டையை மற்றொன்றுக்கு மாட்டிவிட்டேன். தெய்வம்மா, "ஒனக்கென்ன காச்சலா?" என்றார். காய்ச்சல் இல்லை. மதியம் அறைக்குப் போய் நாடாவை எடுத்து, தாங்கள் சொன்னபடி மட்டமாக அந்தரத்தில் பிடித்துப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை. ஒரு முனையை முகட்டில் வைத்தால் மறுமுனை தொய்ந்து சரிவில் விழுகிறது. மறுமுனையை உயர்த்தினால் முதல் முனை நழுவுகிறது. தங்களுக்கு இரும்புக் கம்பி. எனக்குத் துணி நாடா. அது படிந்த இடத்தையே நான் விதி என்று கொண்டேன் போலும். ஆனாலும் நடக்கிறவனின் தூரம் நடந்த தூரமே என்பதை நான் கைவிடவில்லை. இதை எவர் வந்து சொன்னாலும் கைவிட மாட்டேன்.

ஆனால் ஒரு மேசையில் ஒரே அளவுதான் இருக்க முடியும்.

கேட்டிருக்கலாம். ஆறு ஆண்டுகளில் ஒருமுறை, "ஐயா, சரிவில் எப்படி அளக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. கேட்டுக் கற்காததில் எனக்கொரு பெருமிதம் உண்டு. அதற்கு என் வீரர்கள் எத்தனை முறை அம்பு வாங்கினார்கள் என்பதை இப்போது எண்ணாமல் இருக்க முயல்கிறேன். முடியவில்லை. எழுந்து நடக்கிறேன். மறுபடி அமர்கிறேன்.

இப்போது தீர்ப்பு. என் அளவைக் கொண்டால் சன்னலோரத்து ஏழு பேரும் உயிர்பெற்று அடிவாரத்தில் எழுந்து நிற்பார்கள். எனக்கு அதில் ஆசை வராமல் இல்லை. ஆனால் செத்தவர்களை எழுப்பி வாங்குகிற வெற்றியைக் கொண்டுவந்து டெனின் முன்னால் நான் எப்படி நிற்பேன்? தங்கள் அளவைக் கொண்டால் அவர்கள் செத்தது செத்ததுதான். ஆனால் மிஞ்சியவர்கள் எட்டிவிட்டார்கள். எட்டியவர்கள் வெட்டட்டும். தங்கள் கம்பியே அளவாக இருக்கட்டும்.

இத்துடன் என் பகடைகளைத் துணியில் சுற்றி அனுப்புகிறேன். மூக்கன் உறையைக் காதருகே குலுக்கி, "என்னம்மா உள்ள, சோழியா?" என்றார். முகட்டில் நடக்கும் கைகலப்பில் என் பக்கத்துக்கும் தாங்களே உருட்டுங்கள். நான்காம் சுற்றில் குதிரைகள் வந்தால் அதற்கும். சாட்சி வேண்டாம். யாருடைய கையொப்பமும் வேண்டாம்.

ஜூலை மாதத்துக் கடிதத்தில் பகடையைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை அடிப்பது என் வழக்கமில்லை என்று எழுதியிருந்தேன். தாங்கள் அடித்துவிடலாம்.

கோகிலவாணி


குன்னூர்,
16 செப்டம்பர்

அன்புள்ள கோகிலாக்கா,

கடையைப் பாதியில் சாத்திவிட்டு உருட்டினேன்.

உங்களுக்கு எல்லாமே தெரிய வேண்டும் என்பதால் விட்டுவிடாமல் எழுதுகிறேன். முதலில் கோடரிக்காரர்கள். உங்கள் பகடையை ரொம்ப நேரம் குலுக்கித்தான் விட்டேன், சொந்தப் பகடையை அப்படிக் குலுக்கியதே இல்லை. மோசமாக விழுந்தது. இரண்டே அடி. என் வில்லாளிகள் குறுவாளை எடுத்துத் திருப்பி வெட்டினார்கள், உங்கள் முன் நிரை முழுவதும் போய்விட்டது. மன்னித்துவிடுங்கள். ஊட்டுக்காரரே, "ஐயையோ" என்றார். (அவர் சாட்சி இல்லை, டீ கொண்டு வந்தார், அவ்வளவுதான்.)

நடு நிரை வந்தது. வாள்காரர்கள். அதில் ஒரு பகடை மேசையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. ஆறு காட்டியது. தரையில் விழுந்தால் செல்லாது என்பது நீங்கள் தமிழில் எழுதிக்கொடுத்த விதி. எடுத்து மறுபடி உருட்டினேன். இரண்டு. அந்த இரண்டைத்தான் கணக்கில் வைத்தேன். இருந்தாலும் மற்றவை போதுமானதாக இருந்தன. என் வில்லாளிகள் உடைந்து அந்தப் பக்கச் சரிவில் ஓடிவிட்டார்கள்.

நான்காம் சுற்றில் என் குதிரை மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. எனக்காகவும் நான் நன்றாகத்தான் உருட்டினேன், உங்களுக்காக விட்டுக்கொடுக்கவில்லை. வாள்காரர்களில் பாதிப் பேர் விழுந்தார்கள். ஆனால் ஈட்டிக்காரர்கள் அதற்குள் மேலே ஏறி வந்துவிட்டார்கள். நடந்தே வந்தார்கள். குதிரை ஈட்டிமேல் மோதியது. அப்புறம் எழுத ஒன்றுமில்லை.

முகட்டில் இப்போது பத்துப் பன்னிரண்டு பழுப்புப் பட்டன்கள் நிற்கின்றன. எனக்கு அவற்றை எடுத்து டப்பாவில் போட மனசு வரவில்லை. வந்தவர் ஒருவர் கோட்டுப் பட்டன் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். படை அப்படியே இருக்கட்டும். டெனினிடம் சொல்லிவிட்டேன். "ஏனக்கா, மறுபடியும் நடையா?" என்றான். "ஆமா, இந்தத் தடவை நீ டீ குடிக்கப் போகாதே" என்றேன்.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. டிசம்பரில் அளப்பது நான். மீட்டர் கம்பியை எடுத்துக்கொண்டு வருவேன். நீங்கள் பகடையை வைத்துக்கொள்ளுங்கள். சம்மதமா?

பாலா


சேரம்பாடி,
23 செப்டம்பர்

அன்புள்ள பாலா,

முன் நிரை முழுவதும் போனதை இருமுறை வாசித்தேன். மற்றதை அதற்குமேலும் வாசித்தேன். தெய்வம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்ப குருத வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். "அதத்தான் நானும் சொன்னேன்" என்கிறார். அவர் சொல்லவில்லை.

நிபந்தனை பற்றி. ஆறு ஆண்டுகளாக நம் படையை அளந்தவள் நான். அதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு எளிதில் மனம் வராது என்பது உனக்குத் தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். இரும்புக் கம்பியைக் கொண்டுவராதே. அது என் வீரர்களின் தலைக்குமேல் நிற்பதை என்னால் காண இயலாது. தையல் நாடாவே போதும். அது தொய்யாமல் மட்டமாக நிற்க இரண்டு பேர் வேண்டும் என்பதை இம்மாதம் நான் தனியே நின்று கற்றிருக்கிறேன்.

முகட்டுப் பக்க முனையை நீ பிடி. காலடிப் பக்க முனை என்னிடம் இருக்கட்டும்.

பட்டன்களை எடுத்துவிடு; கோட்டுக்கு வேண்டியவர்கள் குளிரில் காத்திருப்பார்கள்.

கோகிலவாணி